பனிக்காலத்தில் விகெலாண்ட் பூங்கா: சிலைகளைப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு

நார்வே பக்கம் குளிர்காலத்தில் போகிற தமிழர்கள் நிறையப் பேர். அண்ணன் வீடு, சித்தி வீடு என்று கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஆஸ்லோவில் போய் இறங்குவார்கள், ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று யாராவது விகெலாண்ட் பூங்காவுக்குக் கூட்டிப் போவார்கள், அரை மணி நேரத்தில் கை விறைத்துப்போய் ஐம்பது படத்தோடு திரும்பி வந்துவிடுவார்கள். அந்தப் படங்களில் பனி சாம்பல் நிறமாக இருக்கும், சிலைகள் கறுப்பு நிழலாக இருக்கும். இது நடக்க வேண்டிய அவசியமே இல்லை. என்னைக் கேட்டால் இந்தப் பூங்காவைப் படம் எடுக்க ஆண்டிலேயே சிறந்த பருவம் குளிர்காலம்தான்.

காரணம் வெளிச்சம். ஆஸ்லோ வட அட்சரேகை 60 டிகிரிக்கு ஒட்டி இருக்கிறது. டிசம்பர் 21 வாக்கில் காலை 9.20-ஐ ஒட்டி சூரியன் எழும், மாலை 3.10-ஐ ஒட்டி விழுந்துவிடும், நடுப்பகலில்கூட அடிவானத்திலிருந்து 7 டிகிரிக்கு மேல் ஏறாது. மற்ற ஊர்களில் படம் எடுக்கிறவர்கள் காலையும் மாலையும் கொஞ்ச நேரம் மட்டும் கிடைக்கிற சாய்ந்த வெளிச்சத்துக்காக அலாரம் வைத்து எழுந்து ஓடுவார்கள். இங்கே அது பகல் முழுக்க இருக்கிறது. சிற்பத்துக்கு இதைவிட நல்லது வேறு இல்லை. தலைக்கு மேலிருந்து விழும் கோடை வெயில் கல்லைத் தட்டையாக்கிவிடும், பக்கத்திலிருந்து உரசிக்கொண்டு போகும் வெளிச்சம்தான் முதுகெலும்பு, தோள்பட்டை, விரல் கணு எல்லாவற்றையும் எழுப்பிக் காட்டும். இந்தப் பூங்காவின் சிற்பி குஸ்தாவ் விகெலாண்ட் (1869–1943) செய்ததெல்லாம் உடம்புகள். 200-க்கும் மேற்பட்ட வெண்கல, கருங்கல் சிலைகள், பெரும்பாலும் ஆடையில்லாத மனிதர்கள், குழந்தையிலிருந்து கிழவர் வரை. அந்த உடம்புகளின் தோளிலும் மடியிலும் பனி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது குளிர் நமக்கே உறைக்கும். படத்தில் வர வேண்டியது அதுதான்.

எந்த மாதம் என்று கேட்டால் நான் பிப்ரவரி என்பேன். டிசம்பரில் ஆஸ்லோ நகரத்துக்குள் பனி இருக்கும் என்று உத்தரவாதம் கிடையாது, மழை பெய்து ஈரத் தரையாகக் கிடக்கும் நாட்களும் வரும். அப்புறம் 7 டிகிரி வெளிச்சம் அழகுதான், ஆனால் மரங்களும் கட்டடங்களும் மறைத்துவிடுவதால் பூங்காவின் தாழ்வான பகுதிகளுக்கு வெயில் துண்டு துண்டாகத்தான் வந்து சேரும். பிப்ரவரி நடுவில் நண்பகல் சூரியன் 17 டிகிரி வரை ஏறிவிடும், பனியும் பெரும்பாலும் தரையில் நிலைத்திருக்கும். விடுமுறை டிசம்பரில்தான் என்றால் கவலைப்படாதீர்கள், மோனோலித் என்கிற ஒற்றைக்கல் தூண் நிற்கும் உயரமான மேடைக்கு நேரே போய்விடுங்கள், வெயில் அங்கே நன்றாகப் படும்.

பூங்காவுக்குக் கட்டணம் இல்லை, பூட்டும் நேரமும் இல்லை, 24 மணி நேரமும் திறந்திருக்கும். 12-ஆம் எண் டிராமில் ஏறி விகெலாண்ட்ஸ்பார்க்கன் நிறுத்தத்தில் இறங்கினால் முதன்மை வாசல் எதிரிலேயே இருக்கும். வாசல், பாலம், நீரூற்று, மோனோலித், கடைசியில் வாழ்க்கைச் சக்கரம் என்கிற சிற்பம் என்று எல்லாம் 850 மீட்டர் நீளத்துக்கு ஒரே நேர்கோட்டில் அமைந்திருக்கின்றன. இந்தக் கோடு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. வாசல் தென்கிழக்கில், மோனோலித் வடமேற்கில். ஆக, காலையில் எழும் குளிர்காலச் சூரியன் வாசல் பக்கமிருந்து கோட்டின் நெடுக்காக வந்து மோனோலித்தின் முன்பக்கத்தில் அடிக்கும். பிற்பகலில் தென்மேற்குக்கு நகர்ந்த சூரியன் கோட்டுக்குக் குறுக்காக, நீங்கள் மோனோலித்தைப் பார்த்து நின்றால் இடப்பக்கத்திலிருந்து வரும். எந்தச் சிலைக்கு எந்த நேரம் என்று இதை வைத்தே முடிவு செய்யலாம்.

நான் சொல்லும் வரிசை இது. வெளிச்சம் வருவதற்கு முன்பே போய்விடுங்கள், பாலத்தில் நிற்காமல் நேரே மேடைக்கு ஏறுங்கள். படிகள் உறைந்திருக்கும். காலணிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் முள்பட்டை ஆஸ்லோ கடைகளில் கிடைக்கும், அங்கே அதை ப்ரொடர் என்பார்கள், வீட்டில் சொந்தக்காரர்களிடமே ஒரு ஜோடி இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கையில் கேமராவோடு கருங்கல் படியில் வழுக்கினால் என்னாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. மேடையைச் சுற்றி இரும்பைக் காய்ச்சி அடித்துச் செய்த எட்டு வாசற்கதவுகள் இருக்கின்றன, கம்பிகளுக்குள்ளேயே மனித உருவங்கள். சூரியன் எழுவதற்கு முன்னும் எழும்போதும் மேடைக்குள்ளிருந்து தென்கிழக்குப் பக்கக் கதவின் வழியே நகரத்தைப் பார்த்து எடுத்தால் அந்த உருவங்கள் வானத்தின் முன்னால் கறுப்புக் கோடுகளாக நிற்கும். இதற்கு வானத்தை வைத்து எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குள் விடும் வெளிச்சத்தின் அளவை, பூட்டிக்கொண்டால் போதும்.

வெயில் வந்ததும் திரும்பி மோனோலித்தைப் பாருங்கள். ஒரே கருங்கல்லில் செதுக்கிய தூண் அது, சிற்பப் பகுதி மட்டும் 14 மீட்டருக்குச் சற்று மேல், பீடத்தோடு சேர்த்தால் 17 மீட்டர், 121 உருவங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறுகின்றன. 1929-இல் மூன்று கல்தச்சர்கள் உளி வைக்கத் தொடங்கி முடிக்க 14 ஆண்டுகள் ஆயின. ஒரே கல் என்பதால் நிற மாற்றம் எதுவும் கிடையாது, உருவத்தைப் பிரித்துக் காட்டுவது நிழல் மட்டும்தான். அதனால் வெயில் நேருக்கு நேர் அடிக்கும் முதல் பத்து நிமிடங்களில் அவசரப்படாதீர்கள். தூணைச் சுற்றி நடந்து, வெயில் படும் பக்கமும் படாத பக்கமும் சந்திக்கிற விளிம்பு எங்கே என்று தேடிப் பிடியுங்கள். அந்த விளிம்பில்தான் முகங்களும் கைகளும் கல்லை விட்டு வெளியே வரும்.

இங்கே எல்லாரும் செய்வது, தூணின் அடியில் நின்றுகொண்டு மொபைலின் அகலக் கோண லென்ஸில் மேலே பார்த்து எடுப்பது. தூண் பின்னால் சாய்ந்து, கூம்பாகக் குறுகி, அதன் பிரம்மாண்டம் காணாமல் போய்விடும். பின்னால் போங்கள், படிகளில் இறங்குங்கள், 70 அல்லது 100 மில்லிமீட்டர் லென்ஸில் எடுங்கள், மொபைல் என்றால் மூன்று மடங்கு ஜூம் லென்ஸ். இன்னும் நல்ல இடம் பாலத்தின் வாசல் பக்க முனை: அங்கிருந்து 200 மில்லிமீட்டரில் பார்த்தால் பாலத்தின் விளக்குகள், நீரூற்று, மேடைப் படிகள், மோனோலித் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று அடுக்கினாற்போல நெருங்கி நிற்கும்.

தூணை முழுசாக எடுத்தாயிற்று என்றால் பிறகு துண்டு துண்டாக எடுங்கள். அடியில் உயிரற்றுக் கிடப்பதுபோன்ற உடல்கள், நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு ஏறுகிறவர்கள், உச்சியில் சின்னக் குழந்தைகள். காற்று எந்தப் பக்கம் அடித்ததோ அந்தப் பக்கம் மட்டும் பனி ஒட்டியிருக்கும், அதைத் தேடுங்கள். சுற்றிலும் 36 கருங்கல் குழுக்கள் படிகளில் வரிசையாக இருக்கின்றன, பலர் மோனோலித்தை எடுத்துவிட்டு இவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை, எனக்கோ இவைதான் பூங்காவின் உயிர். உயரம் நம் கண்மட்டத்துக்கு அருகில், மடி, முதுகு, மடக்கிய முழங்கால் என்று பனி தங்க எத்தனையோ இடம். முதியவர்களின் குனிந்த முதுகில் ஒரு சாண் பனி ஏறியிருக்கும்போது 50 மில்லிமீட்டரில் பக்கவாட்டாக நின்று எடுத்துப் பாருங்கள். அந்தப் பனியைத் தட்டிவிட்டுச் சிலையைச் சுத்தமாக எடுக்கலாம் என்று தோன்றும், தயவுசெய்து செய்யாதீர்கள். ஏறி உட்காரவும் வேண்டாம்.

பனியில் எக்ஸ்போஷர் எப்படி வைப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் படம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக் கணக்குப் போடும். பிரேம் முழுக்க வெள்ளைப் பனி இருந்தால் அதையும் சாம்பலாக்கப் பார்க்கும். அதனால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (மீட்டரின் கணக்கைக் கூட்டிக் குறைக்கும் வசதி) +1-இல் தொடங்கி, வெயில் அடிக்கும் பனி என்றால் +1.7 வரை ஏற்றுங்கள். இதுவரை எல்லா இடத்திலும் சொல்வதுதான். விகெலாண்ட் பூங்காவில் கூடுதலாக ஒன்று இருக்கிறது: பாலத்திலும் நீரூற்றிலும் இருப்பவை கரும்பச்சை பூத்த இருண்ட வெண்கலம். அந்தச் சிலை பிரேமை நிறைத்தால் மீட்டர் நேர்மாறாக ஏமாந்து, வெண்கலத்தைச் சாம்பலாக வெளுக்கவைத்து, தோளில் இருக்கும் பனியை நுணுக்கம் எதுவும் தெரியாத வெறும் வெள்ளையாக எரித்துவிடும். அப்போது மைனஸ் பக்கம் போக வேண்டும், −0.7 போல. ஒரே மதிப்பை வைத்துக்கொண்டு நாள் முழுக்க எடுக்க முடியாது. வெளிச்ச அளவுகளைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள், வலது ஓரத்தைத் தொடாமல் அதை ஒட்டி நிற்க வேண்டும், எரிந்த இடத்தை மினுக்கிக் காட்டும் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். நிழலில் இருக்கும் வெண்கலத்தை கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா ஃபைலில் பிறகு ஏற்றிக்கொள்ளலாம், எரிந்துபோன பனியை யாராலும் மீட்க முடியாது. மோனோலித் மேடையில் இந்தத் தொல்லை குறைவு, கருங்கல் ஏறத்தாழ அந்த நடுத்தரச் சாம்பலேதான், ஒரு சின்னப் புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் கல்லைப் பார்த்துப் பூட்டிவிட்டால் பனி தானாகச் சரியான வெண்மையில் வந்து உட்காரும்.

மொபைலில் எடுக்கிறவர்கள் திரையில் சிலையைத் தொட்டு அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, பிரகாசத்தை விரலால் மேலும் கீழும் நகர்த்திப் பனியில் வரிவரியான நுணுக்கம் தெரிகிற அளவுக்குக் கொண்டுவாருங்கள். வெயிலில் எல்லா நிழலையும் தூக்கிவிடுகிற எச்டிஆர் வசதியை உங்கள் மொபைலில் குறைக்க முடிந்தால் குறையுங்கள். நிழல் போய்விட்டால் சிற்பமும் போய்விடும்.

நண்பகலுக்கு மேல் பாலத்துக்கு இறங்கி வாருங்கள். 100 மீட்டர் நீளம், இரண்டு பக்கக் கைப்பிடிச் சுவர்களிலும் 58 வெண்கலச் சிலைகள். சூரியன் இப்போது பாலத்துக்குக் குறுக்காக வருகிறது, அதனால் வாசலிலிருந்து வரும்போது வலப்பக்கம் இருக்கும் சிலைகளின் முன்புறத்தில் வெயில், இடப்பக்கச் சிலைகளுக்கு வெயில் பின்னாலிருந்து. புகழ்பெற்ற கோபக்காரப் பையன், நார்வேக்காரர்கள் சின்னடாகன் என்று சொல்கிற அந்தக் குட்டிச் சிலை, இடப்பக்கத்தில்தான் இருக்கிறான். ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாத சின்ன உருவம். கால் உதைத்து, முஷ்டி மடக்கி, வாயைக் கோணி அழுகிற பிள்ளை. பின்னாலிருந்து வரும் வெயிலில் அவன் தலையிலும் தோளிலும் ஒளிக்கோடு கிடைக்கும், முகம் மட்டும் இருண்டுவிடும். முகத்துக்கு வெளிச்சம் தருவது தரைப்பனி. பாலத்தில் பனி மிதிபடாமல் வெள்ளையாக இருக்கும் நாளில் அது கீழிருந்து வெளிச்சத்தை எதிரொளித்து முகத்தை நிரப்பிவிடும். தரை கறுத்துப்போன நாளில் வெள்ளை அட்டையோ, உடன் வந்தவரின் வெளிர்நிற ஜாக்கெட்டோ முகத்துக்கு எதிரில் பிடித்தால் வேலை நடக்கும். அவனுடைய இடது கை பலரும் தொட்டுத் தொட்டுப் பொன்னிறமாக மினுங்கும். தொடுவதால் சிலை தேய்கிறது, நீங்களும் சேர்ந்து தேய்க்காதீர்கள். படத்தில் அந்தக் கை மட்டும் பளிச்சென்று எரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேமராவை அவன் முக உயரத்துக்குக் கொஞ்சம் கீழே வைத்து 85 மில்லிமீட்டரில் எடுத்தால், பின்னால் இலை உதிர்ந்த மரங்கள் மங்கி, கோபம் மட்டும் முன்னால் நிற்கும்.

நீரூற்றில் குளிர்காலத்தில் தண்ணீர் ஓடாது. ஆறு ஆண்கள் தாங்கும் பெரிய கிண்ணத்தில் பனி நிரம்பியிருக்கும், சுற்றிலும் 20 வெண்கல மரங்கள், கிளைகளுக்குள் மனிதர்கள். பனி கிளைகளின் மேல்விளிம்பில் மட்டும் படிந்து கோடு போட்டதுபோல் இருக்கும்போது இந்த மரங்களை எடுங்கள்.

பனி பெய்துகொண்டிருந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். அன்றைக்கு நல்ல படம் கிடைக்கும். ஆனால் வெள்ளை வானத்தை விட்டு விலகுங்கள், வெள்ளைக்கு முன்னால் பனித்துகள் கண்ணுக்கே தெரியாது. பின்னணியில் இருண்ட வெண்கலமோ மரக்கூட்டமோ வரும்படி கோணம் மாற்றினால் ஒவ்வொரு துகளும் தெரியும். ஷட்டர் வேகம் 1/250 நொடி வைத்தால் துகள்கள் அந்தரத்தில் நிற்கும், 1/30 வைத்தால் கோடுகளாக இழுபடும். சிலைக்கு 1/30 எனக்குப் பிடிக்கும், அசையாத உடம்பைச் சுற்றி எல்லாம் அசைவது தெரியும். பிளாஷ் போட்டால் லென்ஸுக்கு அருகில் விழும் துகள்கள் பெரிய வெள்ளை உருண்டைகளாக வந்து சிலையை மறைத்துவிடும், அணைத்து வையுங்கள்.

சூரியன் விழுந்ததும் கிளம்பாதீர்கள் என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. சென்னையில் அந்தி இருபது நிமிடத்துச் சொச்சத்தில் முடிந்துவிடும், ஆஸ்லோவில் டிசம்பரில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். வானமும் பனியும் ஒரே நீலத்துக்கு வந்து, பாலத்து விளக்குகள் மஞ்சளாக எரியும். ட்ரைபாட் வைத்து, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100 அல்லது 200, லென்ஸ் திறப்பு எஃப்/8, ஷட்டர் ஒன்றிலிருந்து நான்கு நொடி என்று எடுங்கள். ட்ரைபாட்டின் கால்களைப் பனியில் அழுத்தி உறுதியான தரையைத் தொட்ட பிறகே கேமராவை மாட்டுங்கள், இல்லையென்றால் எடுத்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மெல்ல இறங்கும். மொபைல்காரர்கள் கைப்பிடிச் சுவரில் கையுறையை மடித்து வைத்து, அதன் மேல் மொபைலைச் சாய்த்து, இரவு முறையில் எடுக்கலாம்.

இனி குளிர். வெப்பநிலை −10-க்குக் கீழே போகும் நாட்கள் உண்டு. லித்தியம் பேட்டரி அந்தக் குளிரில் சோர்ந்துபோகும், முழுசாக ஏற்றிய பேட்டரிகூடப் பாதிக்கு முன்பே நின்றுவிடலாம். செத்துவிட்டது என்று எண்ண வேண்டாம், சட்டைக்குள் வைத்துச் சூடேற்றினால் மீதி திரும்பி வரும். உதிரி பேட்டரியை வெளி ஜாக்கெட் பையில் வைக்காமல் உடம்போடு ஒட்டிய உள்பையில் வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் வெப்பநிலையே 0 முதல் 35 டிகிரி வரைதான், அதனால் மொபைலையும் படம் எடுக்கும்போது மட்டும் வெளியே எடுங்கள். லென்ஸில் பனி விழுந்தால் வாயால் ஊதாதீர்கள், மூச்சின் ஈரம் அங்கேயே உறைந்து படலமாகிவிடும், ரப்பர் ஊதுகுழலோ மென்மையான தூரிகையோ கொண்டுபோங்கள். வியூஃபைண்டரில் கண் வைக்கும்போதும் மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள். கைக்கு மெல்லிய உள்கையுறை ஒன்று, அதன் மேல் தடித்த கையுறை ஒன்று, பட்டனைத் தொடும்போது மேலதை மட்டும் கழற்றினால் விரல்கள் நாள் முழுக்கத் தாக்குப்பிடிக்கும்.

கேமராவுக்குப் பெரிய ஆபத்து வெளியே இல்லை, வீட்டுக்குள் நுழையும்போதுதான். உறைந்த கேமராவைச் சூடான அறைக்குக் கொண்டுபோனால் காற்றிலுள்ள ஈரம் அதன் மேலும் உள்ளேயும் படிந்து வியர்க்கும். வெளியே நிற்கும்போதே மெமரி கார்டையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்க மூடி, அப்புறம் உள்ளே போங்கள். ஈரம் பையின் வெளிப்பக்கத்தில் படியும். இரண்டு மணி நேரம் திறக்க வேண்டாம். பூங்காவின் தென்பக்கத்தில் இருக்கும் விகெலாண்ட் அருங்காட்சியகத்துக்கு இடையில் சூடேற்றிக்கொள்ளப் போகிறீர்கள் என்றாலும் இதே முறைதான். போவது நல்லது, நகராட்சி அவருக்குக் கட்டிக்கொடுத்த பட்டறையும் வீடும் அது, இந்தச் சிலைகளின் பிளாஸ்டர் மூலங்கள் அங்கே இருக்கின்றன. மோனோலித்தின் உச்சிக் குழந்தைகளைக் கிட்டத்தில் நின்று பார்த்துவிட்டு வெளியே வந்தால், எங்கே லென்ஸைத் திருப்ப வேண்டும் என்று தெரிந்துவிடும்.

படங்களை விற்கலாமா, அச்சிடலாமா என்று கேட்கிறவர்களுக்கு: விகெலாண்ட் இறந்தது 1943, எழுபது ஆண்டு காப்புரிமை 2013-ஆம் ஆண்டு முடிவோடு தீர்ந்துவிட்டது. சிலைகளைப் பொறுத்தவரை தடை இல்லை. பிரேமில் வரும் மனிதர்களிடம், முக்கியமாகப் பனியில் விளையாடும் பிள்ளைகளின் பெற்றோரிடம், கேட்டுவிட்டு எடுங்கள்.

கணினியில் திறந்ததும் பனி நீலமாகத் தெரியும், உடனே படத்தின் நிறச்சாய்வைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை இழுத்து எல்லாவற்றையும் வெள்ளையாக்கத் தோன்றும். நிழலில் இருக்கும் பனி உண்மையிலேயே நீலம்தான், தெளிந்த வானம் அதில் எதிரொளிக்கிறது. வெயில் படும் பனி வெள்ளைக்கு வரும்வரை மட்டும் சரிசெய்யுங்கள், 5500 கெல்வின் பக்கத்தில் எங்கேயாவது நிற்கும், நிழலின் நீலத்தை அப்படியே விடுங்கள். மிகவும் வெளிச்சமான பனி முழு வெள்ளையான 255-ஐத் தொடாமல் 240 சுற்றில் இருக்கட்டும், அச்சில் காகிதம் மட்டும் தெரியாமல் பனியின் பொருக்கு தெரிய அது போதும். வெண்கலத்தின் நிழலை ஏற்றும்போது கண்குழியும் விலா எலும்பும் பிரிந்து தெரிகிற இடத்தில் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் ஏற்றினால் வெண்கலம் சாயம்போய்விடும்.